பழைய டூரிங் பைக்கில் புகைக் கட்டுப்பாட்டுப் பாகங்களைப் பிடுங்கலாமா?

கேள்வி: என்னிடம் 1990களில் வந்த கவாசாகி கான்கர்ஸ் 1000 இருக்கிறது, கார்புரேட்டர் வண்டி. ஆக்ஸிலரேட்டரை விட்டதும் சைலன்சரில் படபடவென்று வெடிக்கிறது, ஐட்லிங்கும் ஏறி இறங்குகிறது. டேங்க்கைக் கழற்றிப் பார்த்தால் வால்வு கவருக்கு (இன்ஜின் தலையின் மேல் மூடி) மேல் ஏகப்பட்ட ரப்பர் ஹோஸ். எல்லாம் புகைக் கட்டுப்பாட்டுக்காக வைத்தது, பிடுங்கிவிட்டுத் தகடு போட்டு அடைத்தால் சத்தம் நிற்கும், பவரும் கூடும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: வேண்டாம். சட்டத்துக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை. அமெரிக்காவில் தூய காற்றுச் சட்டம் இந்தப் பாகங்களைக் கழற்றுவதை வண்டிக்காரருக்கும் சேர்த்துத்தான் தடை செய்கிறது, புகைச் சோதனை இருக்கிற மற்ற நாடுகளிலும் வண்டி சோதனையில் மாட்டிக்கொள்ளலாம். அது ஒரு பக்கம். உங்கள் வண்டியின் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது, பாகத்தைப் பிடுங்கினால் அந்தக் கோளாறு மறைந்துகொள்ளும் என்பதுதான் எனக்குப் பெரிய காரணம்.

முதலில் அந்த ஹோஸ்கள் என்ன வேலை செய்கின்றன என்று பாருங்கள். வால்வு கவரின் மேல் இரண்டு சின்ன மூடிகள் இருக்கும், அவற்றுக்குள் ரீட் வால்வுகள், அதாவது ஒரு பக்கம் மட்டும் திறக்கிற மெல்லிய உலோக நாக்குகள். எக்ஸாஸ்ட் வால்வு திறந்து மூடும்போது குழாய்க்குள் அழுத்தம் அலையலையாக ஏறி இறங்கும். அது இறங்குகிற நொடியில் இந்த நாக்கு திறந்து, ஏர் பாக்ஸிலிருந்து, அதாவது ஏர் ஃபில்டர் இருக்கிற பெட்டியிலிருந்து, கொஞ்சம் சுத்தமான காற்று எக்ஸாஸ்ட் போர்ட்டுக்குள் (புகை வெளியேறுகிற வாய்) போகும். எரியாமல் வெளியே வந்த பெட்ரோலும் கார்பன் மோனாக்சைடும் அங்கே அந்தக் காற்றோடு சேர்ந்து எரிந்துவிடும், அவ்வளவுதான் வேலை. காற்று சேருவது சிலிண்டருக்குள் எல்லாம் எரிந்து முடிந்த பிறகு, வெளியே போகிற வழியில். கார்புரேட்டர் கலக்கிற மிக்ஸ்சரை இது தொடவே தொடாது, அதனால் கழற்றினாலும் பவர் கூட வழியில்லை, ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடுகிற துளை) மாற்றவும் தேவையில்லை. பவர் குடிக்கிறது என்ற பேச்சு பழைய கார்களிலிருந்து வந்தது. அவற்றில் பெல்ட் ஓட்டுகிற காற்றுப் பம்ப் இருந்தது, அது நிஜமாகவே இன்ஜினிலிருந்து கொஞ்சம் இழுக்கும். உங்கள் பைக்கில் பம்பே கிடையாது.

அப்படியானால் ஏன் வெடிக்கிறது? இங்கேதான் கவனமாகப் படிக்க வேண்டும். ஆக்ஸிலரேட்டரை விட்டதும் சிலிண்டர்களில் சரியாக எரியாத பெட்ரோல் ஆவி எக்ஸாஸ்ட்டுக்குள் போகும், அந்த நேரத்தில் காற்றும் கூடச் சேர்ந்தால் சைலன்சருக்குள் பற்றிக்கொண்டு வெடிக்கும். இது வடிவமைத்தவர்களுக்குத் தெரியும், அதனால்தான் நடுவில் ஒரு வேக்யூம் சுவிட்ச் வால்வு வைத்திருக்கிறார்கள். த்ராட்டில் மூடியதும் இன்டேக் பக்கம் வேக்யூம் கடுமையாக ஏறும், அந்த வேக்யூம் ஒரு மெல்லிய ஹோஸ் வழியாக வந்து சுவிட்ச் வால்வை மூடும், எக்ஸாஸ்ட்டுக்குப் போகிற காற்று நிற்கும், வெடிப்பு வராது. அந்த மெல்லிய ஹோஸ் கிழிந்திருந்தால் வால்வு மூடாது, விட்டதும் வெடிக்கும். அதே கிழிசல் வழியாக இன்டேக்குக்குள்ளும் திருட்டுக் காற்று ஏறுவதால் அந்தச் சிலிண்டரில் மிக்ஸ்சர் லீனாகி, அதாவது காற்று கூடிப் பெட்ரோல் குறைந்து, ஐட்லிங் தள்ளாடும். நீங்கள் சொன்ன இரண்டு தொல்லைக்கும் ஒரே ஹோஸ் காரணமாக இருக்கலாம்.

அந்த மொத்தக் கூட்டத்தையும் பிடுங்கி, நிப்பிள்களுக்கு (ஹோஸ் மாட்டுகிற சின்ன முனைகள்) ரப்பர் மூடி போட்டவர்கள் வண்டி அருமையாகிவிட்டது என்று சொல்வதும் இதனால்தான். அவர்கள் பொய் சொல்லவில்லை. கிழிந்த ஹோஸ் போய்விட்டது, ஓட்டை அடைபட்டது, அதனால் சரியானது. புது ஹோஸ் மாட்டியிருந்தாலும் அதே அருமை கிடைத்திருக்கும்.

ஹோஸைக் கண்ணால் மட்டும் பார்த்து நல்லது என்று விட்டுவிடாதீர்கள். நடுப்பகுதி கருப்பாக, பளபளப்பாக, புதுசு போலவே இருக்கும். நிப்பிளில் ஏறுகிற கடைசி அரை அங்குலத்தைக் கழற்றி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மெதுவாக மடக்குங்கள். நல்ல ரப்பர் வளைந்து திரும்பும். கெட்டுப்போனது மடக்கின இடத்தில் தலைமுடி தடிமனுக்கு வரிவரியாகப் பிளக்கும், சில சமயம் உள்பக்கம் மட்டும் பிளந்திருக்கும். 20, 30 வருஷம் இன்ஜின் சூட்டில் வெந்த ரப்பர், அதைக் குறை சொல்ல முடியாது. ஒன்று போயிருந்தால் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள், இந்த வண்டி ரிப்பேரிலேயே மலிவான பொருள் அதுதான்.

அப்புறம் சோதனை. ஏர் பாக்ஸிலிருந்து சுவிட்ச் வால்வுக்குப் போகிற தடித்த ஹோஸை ஒரு கிளாம்பால் நசுக்கிப் பிடித்து, சூடான இன்ஜினோடு ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். வெடிப்பு நின்றால் தப்பு இந்தப் பக்கம்தான். சுவிட்ச் வால்வைக் கழற்றி வாயால் ஊதுங்கள், காற்று போக வேண்டும். கையால் இழுக்கிற சின்ன வேக்யூம் பம்பை மெல்லிய நிப்பிளில் மாட்டி இழுத்தபடி ஊதினால் அடைத்துக்கொள்ள வேண்டும். வேக்யூம் நிற்காமல் இறங்கினால் உள்ளே டயஃப்ரம் என்கிற மெல்லிய சவ்வு கிழிந்துவிட்டது. ரீட் வால்வையும் பாருங்கள்: நாக்கு அதன் இருக்கையில் சப்பையாக உட்கார வேண்டும், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இடுக்கு தெரியக் கூடாது. கரி படிந்திருந்தால் கரைப்பானில் ஊறவைத்துக் கழுவுங்கள், கத்தியால் சுரண்டினால் நாக்கு கீறிப்போகும். நாக்கு மூடாத வால்வு வழியாகச் சூடான புகை திரும்பி மேலே ஏறி ஹோஸையே உருக்கிவிடும். கிளாம்ப் போட்டும் வெடிக்கிறதா, அப்போது எக்ஸாஸ்ட் குழாய் ஹெட்டில் சேருகிற இடத்து கேஸ்கெட்டையும் அடைத்துக்கொண்ட பைலட் ஜெட்டையும் (ஐட்லிங்குக்குப் பெட்ரோல் விடுகிற சின்ன ஜெட்) சந்தேகப்படுங்கள்.

கழற்றுகிறவர்கள் செய்கிற ஒரு தவறை நானும் ஆரம்ப நாட்களில் செய்திருக்கிறேன். எல்லா மெல்லிய ஹோஸும் ஒரே மாதிரி இருக்கின்றன என்று வரிசையாக அடைத்தேன், அதில் ஒன்று பெட்ரோல் டேப்பின் வேக்யூம் ஹோஸ். இந்த டேப் இன்ஜின் இழுக்கிற வேக்யூமில்தான் திறக்கும். கார்புரேட்டரில் மீதம் இருந்த பெட்ரோல் தீர்ந்ததும், கொஞ்ச தூரத்திலேயே வண்டி நின்றுவிட்டது. அந்த ஹோஸை எதற்கும் அடைக்காதீர்கள், ஆனால் அதன் டேப்பைக் கட்டாயம் சோதியுங்கள். கான்கர்ஸில் டேப் கசிந்து, நிறுத்தி வைத்த வண்டியின் சிலிண்டருக்குள் பெட்ரோல் நிரம்புவது எல்லோருக்கும் தெரிந்த வியாதி. திரவத்தை அமுக்க முடியாது, அப்படியே ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் கனெக்டிங் ராடு (பிஸ்டனைத் தள்ளி இழுக்கிற தண்டு) வளைந்துபோகலாம். அந்த வேக்யூம் ஹோஸைக் கழற்றிப் பார்க்கும்போது உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தாலோ வாசனை வந்தாலோ டேப்பை உடனே மாற்றுங்கள்.

இன்னொன்று கிராங்க்கேஸ் பிரீதர், இன்ஜின் அடியிலிருந்து ஏர் பாக்ஸுக்கு வருகிற தடித்த குழாய். இதையும் புகைக் கட்டுப்பாடு என்று நினைத்து அடைக்கிறவர்கள் உண்டு. அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி ஆயில் சீல்கள் கசியும். கழற்றித் தொங்கவிட்டால் ஆயில் ஆவி பின் டயர் பக்கம் போகும்.

உங்களுடையது கலிபோர்னியாவுக்காகச் செய்த வண்டி என்றால் கரி கேனிஸ்டரும் இருக்கும். டேங்க்கில் கிளம்புகிற பெட்ரோல் ஆவியை அது பிடித்து வைத்து, இன்ஜின் ஓடும்போது திருப்பி அனுப்பும். டேங்க்கைக் கழுத்துவரை நிரப்புகிற பழக்கம்தான் இதைக் கெடுக்கிறது, ஆவிக் குழாயில் திரவமே இறங்கிக் கரி நனைந்துவிடும். நனைந்த கேனிஸ்டரை மாற்றலாம். அந்தக் குழாயை மட்டும் அடைத்துவிடாதீர்கள். டேங்க்குக்கு மூச்சுவிடும் வழி அதுவாக இருந்தால், உள்ளே வேக்யூம் உண்டாகிப் பெட்ரோல் இறங்காமல் வண்டி திணறும்.

வால்வு இடைவெளி சரிபார்க்கும்போது இந்த ஹோஸ்கள் கைக்கு இடைஞ்சல் என்பது நிஜம், அதை மறுக்கவில்லை. கழற்றும் முன் நாலு பக்கமும் போட்டோ எடுத்து, ஒவ்வொரு முனையிலும் டேப் ஒட்டி எண் போட்டால் திருப்பி மாட்டும்போது குழப்பம் வராது.

எல்லாம் மாட்டிய பிறகு நாலு கார்புரேட்டரையும் வேக்யூம் கேஜ் வைத்து ஒத்திசையுங்கள், ஒன்றுக்கொன்று வித்தியாசம் 2 செ.மீ. பாதரசத்துக்குள் இருக்க வேண்டும். கேஸ் அனலைசரில் மிக்ஸ்சர் பார்ப்பதாக இருந்தால் அந்த நேரத்துக்கு மட்டும் தடித்த ஹோஸில் திரும்ப கிளாம்ப் போடுங்கள், இல்லையென்றால் கூடுதல் காற்று கலந்து கருவி லீன் என்று காட்டும், நீங்கள் தேவையில்லாமல் பெட்ரோலைக் கூட்டி ரிச் பண்ணிவிடுவீர்கள். அளந்து முடித்ததும் கிளாம்பை மறக்காமல் எடுத்துவிடுங்கள்.