பார்க் விழுந்தால் ஒன்று எட்டவில்லை, ஒன்று எட்டினால் பார்க் நிற்கவில்லை: ஹாட் ராடில் ஷிஃப்ட் லிங்கேஜை எப்படிச் சரிசெய்வது?

நீங்கள் கேட்டிருப்பது இது: உங்கள் ஹாட் ராட், அதாவது வலுவான எஞ்சின் போட்டு மாற்றிய பழைய கார். பழைய ஃபோர்டு பாடி, செவ்ரோலே வி8, அதன் பின்னால் டர்போ 350 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். கியர் லீவர் ஸ்டீயரிங் தண்டில் இருக்கிறது. லீவரையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் ராடை (கம்பியை) மாட்டினால், வண்டியைப் பூட்டி நிறுத்தும் பார்க் நிலை சரியாக விழுகிறது, ஒன்றாம் கியர் எட்டவில்லை. ராடின் நீளத்தை மாற்றி ஒன்றை எட்ட வைத்தால் பார்க் போய்விடுகிறது.

முதலில் அந்த ராடை நீட்டிக் குறைப்பதை நிறுத்துங்கள். நீளத்தை மாற்றினால் மொத்த ஓட்டமும் (ராடு நகரும் தூரம்) ஒரு பக்கமாக நகரும், அவ்வளவுதான். உங்களிடம் இல்லாதது போதிய ஓட்டம். நானும் இதே தப்பைச் செய்து இரண்டு வார இறுதிகளைத் தொலைத்திருக்கிறேன். மரை தேய்ந்ததுதான் மிச்சம்.

உள்ளே நடப்பது தெரிந்தால் வேலை எளிது. கியர்பாக்ஸின் இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டு, உள்ளே ஒரு பல் வெட்டிய தகட்டில் முடிகிறது. பார்க்கச் சேவல் கொண்டை மாதிரியே இருக்கும். அமெரிக்க மெக்கானிக்குகளும் அதை அப்படித்தான் அழைக்கிறார்கள். ஸ்பிரிங் பிடித்த சின்ன உருளை ஒன்று அதன் பள்ளங்களில் விழுந்து எழும். பார்க், ரிவர்ஸ், நியூட்ரல், டிரைவ், இரண்டு, ஒன்று என்று ஆறு நிலைகள். கையில் 'டிக்' என்று உணர்வது அந்த உருளை விழுவதைத்தான். எண்ணெய் அழுத்தத்தைப் பிரித்து அனுப்பும் வால்வு பாடியில், எந்தக் கியர் என்று தீர்மானிக்கும் மேனுவல் வால்வை இழுப்பதும் அதே தகடுதான். உருளை பள்ளத்தின் அடியில் உட்காராமல் மேட்டில் பாதியில் நின்றால், வால்வும் பாதியில் நிற்கும். கியர்பாக்ஸுக்குள் இருக்கும் கிளட்சுக்கு முழு அழுத்தம் போகாது, வழுக்கும், சூடேறும், கடைசியில் எரியும். மேலே லீவர் என்னவோ 'டிரைவ்' என்றுதான் காட்டிக்கொண்டிருக்கும்.

அதனால் லீவரிலிருந்து தொடங்காதீர்கள். வண்டிக்கு அடியில், கியர்பாக்ஸிலிருந்து தொடங்குங்கள்.

முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. ராடைக் கழற்றிவிட்டு, கியர்பாக்ஸ் தண்டில் மாட்டியிருக்கும் நெம்புகோலை (இனி இதைக் 'கை' என்கிறேன்) விரல்களாலேயே ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை நகர்த்தி 'டிக்'குகளை எண்ணுங்கள். புரொப்பெல்லர் ஷாஃப்ட் சுழலாமல் பூட்டிக்கொள்ளும் கோடிதான் பார்க். அந்தக் கையின் பின்னால் ஒரு அட்டையை ஒட்டி, ராடை இணைக்கும் பின் (pin) இருக்கும் இடத்தை ஒவ்வொரு நிலையிலும் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். மேலே ஸ்டீயரிங் தண்டின் கைக்கும் இதையே செய்யுங்கள்.

இப்போது இரண்டு அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். என் வண்டியில் கியர்பாக்ஸ் கையில் இருக்கும் பின், கியர்பாக்ஸ் தண்டின் மையத்திலிருந்து 75 மி.மீ. தள்ளி இருந்தது. பார்க்கிலிருந்து ஒன்றுக்குப் போக அது 62 மி.மீ. நகர வேண்டியிருந்தது. மேலே இருக்கும் கையோ மொத்தமே 50 மி.மீ.தான் நகர்ந்தது. ராடை எப்படித் திருகினாலும் 50 எப்படி 62 ஆகும்? கணக்கு சுலபம்: 75-ஐ 50-ஆல் பெருக்கி 62-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 60. கியர்பாக்ஸ் கையில் மையத்திலிருந்து 60 மி.மீ. தூரத்தில் புது ஓட்டை போட்டேன். ஆறு நிலைகளும் வந்து உட்கார்ந்தன. கையைத் தண்டில் திரும்ப மாட்டும்போது ஒன்று: நட்டை இறுக்கும்போது கையை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அந்த விசை முழுவதும் உள்ளே இருக்கும் கொண்டைத் தகட்டின் மேல் விழும்.

அடுத்து கோணம். ஓட்டத்தின் நடுவில், அதாவது நியூட்ரலுக்கும் டிரைவுக்கும் இடையில், ராடு இரண்டு கைகளுக்கும் கிட்டத்தட்ட செங்கோணமாக நிற்க வேண்டும். அப்படி இல்லையென்றால் ஒரு பக்க நிலைகள் நெருங்கியும் மறுபக்கம் அகன்றும் வரும். ஸ்டீயரிங் தண்டு ஒரு திசையில் சுழல்கிறது, கியர்பாக்ஸ் தண்டு வேறு திசையில். அதனால் வெறும் வளைத்த கம்பி இறுகிக்கொள்ளும். இரு முனையிலும் உருண்டை மூட்டுள்ள ராடு எண்டு போடுங்கள். ஒரு முனை வலது மரை, மறுமுனை இடது மரை என்றால் கழற்றாமலேயே நீளத்தைச் சரிசெய்யலாம். வரிசை தலைகீழாக வந்தால் கியர்பாக்ஸ் கையை எதிர்ப்பக்கம் திருப்பி மாட்டினால் போதும்.

நீளம் வைப்பது இதற்கெல்லாம் பிறகுதான். இரண்டு பக்கமும் நியூட்ரல். ராடின் பின், எந்த அழுத்தமும் இல்லாமல் விரலால் தள்ளினாலே ஓட்டைக்குள் போக வேண்டும். அப்புறம்தான் லாக் நட்.

எல்லாம் முடிந்துவிட்டது என்று எழுந்துவிடாதீர்கள். ஒருவரை உள்ளே உட்காரச் சொல்லி ஒவ்வொரு நிலையாகப் போடச் சொல்லுங்கள். ஒவ்வொன்றிலும் நீங்கள் கீழே பின்னை உருவிப் பாருங்கள். உருவியதும் கியர்பாக்ஸின் கை துளி நகர்ந்தாலும், அதுவரை ராடுதான் அதை இழுத்துப் பிடித்திருந்தது என்று அர்த்தம். முதல் தடவை என் வண்டியில் பார்க்கில் பின்னை உருவியபோது, கை தானாக இரண்டு மி.மீ. நகர்ந்து 'டிக்' என்றது. அடிவயிறு கலங்கியது. அதுவரை நான் பார்க் என்று நம்பி நிறுத்திய வண்டி உண்மையில் பார்க்கிலேயே இல்லை. அப்படிப் பாதியில் நிற்கும் வண்டி, எஞ்சின் ஓடும் அதிர்வில் ரிவர்ஸுக்கு நழுவக்கூடும். 1980 வாக்கில் அமெரிக்காவில் ஃபோர்டு ஆட்டோமேட்டிக் வண்டிகள் மீது இதே மாதிரிப் புகார் பெரிதாகி, கோடிக்கணக்கான வண்டிகளுக்கு எச்சரிக்கை ஸ்டிக்கர் அனுப்பியதில் முடிந்தது.

இன்னொன்று, எஞ்சின் ரப்பர் மவுண்டில் ஆடும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் வி8-இன் இடப்பக்கம் மேலே எழும்பும். ஸ்டீயரிங் தண்டோ பாடியோடு நிற்கும். ஆகவே ராடு எதிலும் உரசாமல் இருக்கட்டும், மவுண்ட் நல்லதாக இருக்கட்டும். ஹெடர் (எஞ்சினின் புகைக் குழாய்கள்) குறுக்கே வந்து ராடைப் பல இடத்தில் வளைக்க வேண்டியிருந்தால் கேபிளுக்கு மாறுவது மேல். கேபிளுக்கு இந்த ஆட்டம் பெரிய விஷயமில்லை. இறுக்கமான வளைவும் சைலன்சர் சூடும்தான் அதற்கு ஆகாது.

பின்னாளில் 700ஆர்4 என்ற நான்கு வேக ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் போடும் எண்ணம் இருந்தால், அதில் ஓவர்டிரைவ் சேர்ந்து ஏழு நிலைகள். மூன்று வேக லீவரின் தடுப்புகள் அதற்குப் பொருந்தாது. த்ராட்டிலிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் டிவி (த்ராட்டில் வால்வு) கேபிளும் அதில் உண்டு. அது ஷிஃப்ட் லிங்கேஜ் அல்ல, ஆனால் அதைத் தப்பாக வைத்தால் கியர்பாக்ஸையே எரித்துவிடும்.

லிங்கேஜ் சரியான பிறகே, கியரில் இருக்கும்போது ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் நியூட்ரல் ஸ்விட்சைத் தொடுங்கள். பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு எல்லா நிலையிலும் சாவியைத் திருப்பிப் பாருங்கள். பார்க்கிலும் நியூட்ரலிலும் மட்டும்தான் ஸ்டார்ட்டர் சுற்ற வேண்டும். எல்லாவற்றுக்கும் கடைசி, எழுத்தைக் காட்டும் முள். அது ஒரு எழுத்து தள்ளிக் காட்டினால் முள்ளை நகர்த்துங்கள், ராடைத் தொடாதீர்கள்.