போட்டிக்கு முந்தைய இரண்டு மாதங்களில் என் குமித்தே பயிற்சி

மாவட்ட, மாநில அளவிலான கராத்தே போட்டிகளுக்குத் தயாராகும்போது அன்றாடப் பயிற்சியை எப்படி அமைத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் 67 கிலோவுக்கு உட்பட்ட பிரிவில், இருவர் நேருக்கு நேர் மோதும் குமித்தே மட்டும் ஆடுபவன். வேலைக்குச் சென்றுகொண்டே பயிற்சி செய்பவன். போட்டிக்கு இரண்டு மாதங்கள் இருக்கும்போதே புதிய நுட்பங்களைக் கற்பதை நிறுத்திவிட்டு, ஏற்கெனவே கைவந்த நான்கைந்தை மட்டும் எடுத்துக்கொண்டு, நடுவர்கள் அவற்றை எப்படி மதிப்பிடுகிறார்களோ அதற்கு ஏற்பப் பழகுவதே என் முறை.

உலகக் கராத்தே கூட்டமைப்பின் விதிகளில் குத்துக்கு 1 புள்ளி, உடற்பகுதிக்கான உதைக்கு 2, தலைப்பகுதிக்கான உதைக்கும் கீழே விழுந்தவர்மீது முறையாகச் செலுத்தும் அடிக்கும் 3. பெரியவர்களுக்கான ஆட்டம் 3 நிமிடம். ஒருவர் 8 புள்ளிகள் முன்னிலை பெற்றுவிட்டால் ஆட்டம் அத்துடன் முடிந்துவிடும். எதிராளிக்குப் புள்ளி கிடைக்காத நிலையில் முதற்புள்ளியை எடுப்பவருக்குச் ‘சென்ஷு’ என்னும் முன்னுரிமை உண்டு. புள்ளிகள் சமமாக முடிந்தால் பெரும்பாலும் அதுவே வெற்றியைத் தீர்மானிக்கிறது. ஆகவே, பார்ப்பதற்கு அழகான சுழல் உதைகளைவிட, முன்கையால் குத்தும் கிசாமி சுகிக்கும் பின்கையால் குத்தும் கியாக்கு சுகிக்குமே என் நேரத்தில் பெரும்பகுதி போகிறது.

காலைப் பயிற்சி மொட்டை மாடியில், வெயில் ஏறுவதற்கு முன். இடுப்பு, கணுக்கால் மூட்டுகளைத் தளர்த்திவிட்டு, கயிறு தாண்டிவிட்டு, உடனே குத்துப் பயிற்சிக்குச் சென்றுவிடுவேன். கொடிக் கம்பியிலிருந்து ஒரு நூலில் செய்தித்தாள் துண்டொன்றை முக உயரத்தில் தொங்கவிட்டிருக்கிறேன். ஓரடி பின்னாலிருந்து பாய்ந்து குத்தும்போது கையுறை தாளைத் தொட்டு அசைக்க வேண்டும். தாள் கிழியக் கூடாது, மடங்கியும் போகக் கூடாது. தொட்ட கணமே கை இடுப்புக்குத் திரும்பி, கண் தாளைவிட்டு விலகாமல், கால்கள் பழைய தொலைவுக்கு வந்திருக்க வேண்டும். முகத்தில் பலமாகப் பட்டால் புள்ளிக்குப் பதிலாகத் தண்டனை வரும். குத்தியபின் தலையைத் திருப்பிக்கொண்டாலோ, ‘சான்ஷின்’ எனப்படும் தொடர் விழிப்பு இல்லை என்று நடுவர் கொடியை உயர்த்தமாட்டார். இவ்விரண்டையும் ஒருசேரப் பழக்குவதற்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரிந்து இல்லை.

மாலைப் பயிற்சி டோஜோவில், அதாவது கராத்தே பயிற்சிக்கூடத்தில், துணையுடன். எங்கள் மாஸ்டர் இருவரையும் 8 மீட்டர் சதுரத்தின் ஒரு மூலையில் நிறுத்தி, ஒருவர் ஒரு புள்ளி பின்தங்கியிருப்பதாகவும் 15 விநாடிகளே மிஞ்சியிருப்பதாகவும் அறிவித்துவிட்டு ஆடச் சொல்வார். எல்லைக்கோட்டை மிதிக்காமல் மூலையிலிருந்து வெளியேறுவது, முன்னிலையில் இருப்பவர் ஓடி ஒளியாமல் தொலைவைக் காப்பது ஆகியவை இப்படி ஆடும்போதுதான் உடலில் பதிகின்றன. இந்த ஆட்டங்களைக் கைப்பேசியில் பதிவு செய்து, அன்றிரவே மெதுவாக ஓட்டிப் பார்ப்பேன். குத்துவதற்கு முன் தோள் உயர்கிறதா, பின்குதிகால் தரையில் அமர்கிறதா என்ற இரண்டை மட்டுமே கவனிக்கிறேன்; எதிராளிக்கு முன்கூட்டியே செய்தி சொல்பவை பெரும்பாலும் அவைதாம்.

மூச்சுத்திறனுக்காக நீண்ட தூரம் ஓடுவதை நான் வாரத்தில் ஒரு நாளோடு நிறுத்திக்கொள்கிறேன். குமித்தே, ஓரிரு விநாடி வெடிப்புகளும் இடையிடையே மெல்லிய அசைவும் கலந்த ஆட்டம். ஆகவே 10 விநாடி முழு வேகத் தாக்குதல், 20 விநாடி மெதுவான கால் அசைவு என்று 3 நிமிடம் தொடர்ந்து செய்து, ஓய்வெடுத்து, மீண்டும் செய்வதே பொருத்தமானது. நீண்ட ஓட்டம், இரண்டு ஆட்டங்களுக்கிடையே உடல் விரைவாகத் தெளிவதற்கு உதவுகிறது.

எடையைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கடைசி இரண்டு நாள் தண்ணீர் குடிக்காமல் எடையைக் குறைக்கும் வழக்கம் ஆபத்தானது; வளரும் பிள்ளைகளை அப்படிச் செய்யவைப்பதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். நான் இரண்டு மாதங்களுக்கு முன்பே இரவுச் சோற்றின் அளவைக் குறைத்து, முட்டை, சுண்டல், காய்கறி ஆகியவற்றைக் கூட்டிக்கொள்கிறேன். எடை 67 கிலோவுக்குள் வராவிட்டால் மேல் பிரிவில் ஆடுவதே முறை.

கடைசி வாரத்தில் பயிற்சியின் அளவைப் பாதியாகக் குறைத்துவிடுவேன். வேகத்தை மட்டும் குறைப்பதில்லை. துணையுடன் மோதிப் பழகும் கடுமையான ஸ்பாரிங் அறவே கிடையாது. போட்டிக்கு முந்தைய இரவு கை, கால் நகங்களை ஒட்ட வெட்டி, பல் காப்பு, கணைக்கால் காப்பு, சிவப்பு, நீலம் இரு நிறங்களிலும் பெல்ட், கையுறை ஆகியவற்றை எடுத்துவைத்துவிடுவேன். மறுநாள் எத்தனை மணிக்கு அழைப்பார்கள் என்பது நம் கையில் இல்லை. எனவே, முந்தைய பிரிவின் அரையிறுதி தொடங்கியதும் உடலைச் சூடாக்கத் தொடங்குவது என் வழக்கம்.