விக்கிப்பீடியாவில் முள்ளிவாய்க்கால் எண்ணிக்கையை மாற்றினால் ஏன் உடனே அழிக்கிறார்கள்?

நீங்க கேட்டிருக்கிறது இதுதான். ஈழப் போரோட கடைசிக் கட்டம் பத்தின ஆங்கில விக்கிப்பீடியா கட்டுரைல, கொல்லப்பட்ட பொதுமக்கள் 1,46,679 பேர்னு மாத்துனீங்க, கொஞ்ச நேரத்துல யாரோ பழையபடி ஆக்கிட்டாங்க, திரும்பப் போட்டீங்க, திரும்பத் தூக்கிட்டாங்க, கடைசில உங்க கணக்குக்கே எச்சரிக்கை வந்துருச்சு. அங்க இருக்கிறவங்க தமிழருக்கு எதிரானவங்களானு கேக்குறீங்க.

சில பேர் அப்படி இருக்கத்தான் செய்றாங்க, நானும் அங்க எழுதுறவன்தான், பாத்திருக்கேன். ஆனா உங்க திருத்தம் நிக்காமப் போனதுக்கு அவங்க காரணம் இல்ல. அந்த எண்ணை யார் சொன்னாங்க, எதை எண்ணிச் சொன்னாங்கங்கிற ரெண்டையும் விட்டுட்டு வெறும் எண்ணை மட்டும் போட்டிருக்கீங்க, அதான் விஷயம்.

அந்த 1,46,679 எங்கிருந்து வந்துச்சுனு பாருங்க. 2011 ஜனவரில மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப், அரசாங்கமே அமைச்ச கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு முன்னாடி போய் எழுத்துல கொடுத்த கணக்கு அது. 2008 அக்டோபர் தொடக்கத்துல முல்லைத்தீவு, கிளிநொச்சி கச்சேரிகளோட, அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகங்களோட பதிவுப்படி வன்னில இருந்தவங்க 4,29,059 பேர். போர் முடிஞ்சு அரசாங்கக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேந்தவங்கனு ஐநா கணக்கு சொன்னது 2,82,380 பேர். ஒண்ணுல இருந்து ஒண்ணைக் கழிச்சா வர்றதுதான் 1,46,679. இத்தனை பேருக்கு என்ன ஆச்சுனு சொல்லுங்கனு ஆயர் கேட்டார், இத்தனை பேர் செத்துட்டாங்கனு அவர் சொல்லல. ரெண்டுமே ஆவணத்துல இருந்து எடுத்த எண்கள், அதுவும் ஒண்ணு அரசாங்க அலுவலகத்தோடதே, அதனால அந்தக் கேள்வில இருந்து யாரும் தப்பிக்க முடியாது. அதை 'கொல்லப்பட்டவர்கள்'னு மாத்துன உடனே எதிர்ல இருக்கிறவருக்கு வேலை லேசாயிடுது, 'மூலத்துல இப்படி இல்ல'னு ஒரே வரில எழுதி மொத்தத்தையும் தூக்கிடுவார், விதியும் அவர் பக்கம் இருக்கும். எனக்கு வயிறு எரியறது இந்த இடத்துலதான், நம்ம கைல இருக்கிற வலுவான ஆவணத்தை நாமளே வலு இல்லாததா ஆக்கிக் கொடுக்குறோம்.

இன்னொண்ணும் கவனிங்க, அந்தக் கழித்தலை நீங்களோ நானோ உக்காந்து போட்டுக் கட்டுரைல எழுதியிருந்தா, ரெண்டு மூலத்தைச் சேத்துப் புதுசா ஒரு முடிவு சொல்றது சொந்த ஆய்வு, அதுக்கு இங்க இடமில்லனு தூக்கியிருப்பாங்க. ஆயர் ஒரு ஆணைக்குழுகிட்ட பதிவு பண்ணிச் சொன்னதாலதான் அவர் பேர் போட்டு எழுத முடியுது.

மத்த எண்களும் இதே மாதிரிதான். 2011ல வந்த ஐநா நிபுணர் குழு அறிக்கை, தருஸ்மன் அறிக்கைனு இலங்கைல சொல்வாங்க, அதுல நம்பகமான பல தரப்புகளோட மதிப்பீட்டைச் சொல்லிட்டு, 40,000 வரைக்கும் பொதுமக்கள் இறந்திருக்கலாங்கிறதை இந்தக் கட்டத்துல ஒதுக்கிட முடியாது, சரியான விசாரணை நடந்தாத்தான் துல்லியமான எண் தெரியும்னு இருக்கு. யார் எப்ப என்ன மாத்துனாங்கனு காட்டுற வரலாற்றுப் பக்கத்தைக் கட்டுரைகள்ல திறந்தா இந்த ஒரு வாக்கியம் என்ன பாடுபடுதுனு தெரியும். ஒருத்தர் '40,000 பேர் கொல்லப்பட்டனர்'னு ஆக்குவார், இன்னொருத்தர் 'குறைந்தது'னு முன்னாடி சேப்பார், அடுத்தவர் வந்து 'என்று குற்றம் சாட்டப்படுகிறது'னு பின்னாடி சேப்பார். மூணுமே அறிக்கைல இல்ல. அடுத்து 2012 நவம்பர்ல வந்த சார்ல்ஸ் பெட்ரி அறிக்கை, ஐநா தன்னோட தோல்வியைத் தானே விசாரிச்சது, அதுல 70,000க்கும் மேல கணக்குல வராதவங்கனு நம்பகமான தகவல் இருக்கிறதா வருது. இதுவும் கணக்குல வராதவங்கதான், இறந்தவங்க எண்ணிக்கைனு போட்டுடாதீங்க.

எதிர்த்தரப்பும் இதையேதான் செய்யுது, அங்க நாம விழிப்பா இருக்கணும். ஐநா உள்ளூர் அலுவலகம் 2008 ஆகஸ்ட்ல இருந்து 2009 மே 13 வரைக்கும் சேத்து வச்ச கணக்கு 7,721 பேர் இறப்பு, 18,479 பேர் காயம். இதை எடுத்து 'ஐநா கணக்குப்படி மொத்தமே 7,721தான்'னு எழுதுவாங்க. ஆனா மே 13க்கு அப்புறம் எண்ணவே முடியலைனும், அந்த எண் உண்மையை விடக் குறைவாத்தான் இருக்கும்னும் நிபுணர் குழு அறிக்கைலயே இருக்கு, கடைசி அஞ்சாறு நாள்ல என்ன நடந்துச்சுனு நமக்குத் தெரியும், அந்த நாட்களே இல்லாத கணக்கை மொத்தக் கணக்குனு காட்டுறது எப்பேர்ப்பட்ட அநியாயம். இதே மாதிரி 2017 அக்டோபர்ல பிரிட்டன் பிரபுக்கள் சபைல நேஸ்பி பிரபு, கொழும்புல இருந்த பிரிட்டிஷ் பாதுகாப்பு அதிகாரியோட குறிப்புகளைக் காட்டி 7,000ல இருந்து 8,000 பேர்தான்னு பேசினார். அந்தக் குறிப்புகள்ல நிறையப் பகுதிகள் மறைக்கப்பட்டுத்தான் அவர் கைக்கே வந்துச்சு. அது கட்டுரைல வரட்டும், அவர் பேரோட வரட்டும், மறைக்கப்பட்ட விஷயமும் கூட வரட்டும். பிரிட்டன் அரசாங்கமே சொன்ன மாதிரி எழுதினா விடாதீங்க.

மூலங்கள் எதைச் சேக்கலாங்கிற சண்டை இதை விடப் பழசு. தமிழ்நெட்ங்கிற ஈழச் செய்தித் தளத்தை மேற்கோள் காட்டினா புலி ஆதரவுனு தூக்குவாங்க, இலங்கைப் பாதுகாப்பு அமைச்சகத் தளத்தைக் காட்டினா இந்தப் பக்கம் தூக்குவாங்க. இதுக்குனே ஆங்கில விக்கிப்பீடியால இலங்கை நல்லிணக்கம்னு ஒரு விக்கித் திட்டம், அதாவது எழுதுறவங்க சேந்து வேலை செய்ற ஒரு குழு ஆரம்பிச்சு, சார்பு உள்ள மூலத்தை யாரோடதுனு வெளிப்படையாச் சொல்லிப் பயன்படுத்துங்கங்கிற வழிக்கு வந்தாங்க. நியாயமான வழிதான். ஆனா ஒரு குறை எனக்கு இன்னும் உறுத்துது. நடுநிலையான மூலம் கொண்டா, கொண்டானு கேக்குறோமே, 2008 செப்டம்பர்ல ஐநாவையும் உதவி அமைப்புகளையும் வன்னிய விட்டு வெளியேறச் சொன்னது அரசாங்கம், செய்தியாளர்களைச் சுதந்திரமா உள்ள விடல. தமிழ்நெட் ஆசிரியர் தராக்கி சிவராமை 2005லயே கடத்திக் கொன்னாச்சு, சண்டே லீடர் பத்திரிகை ஆசிரியர் லசந்தவை 2009 ஜனவரில நட்ட நடு ரோட்ல கொன்னாச்சு. சாட்சி சொல்ல ஆள் இல்லாமப் பண்ணிட்டு, சாட்சி இல்லாததால எழுதக்கூடாதுனு சொல்ற நிலைமை வந்துருது. விக்கிப்பீடியா விதிகள் எல்லாத்தையும் நான் ஏத்துக்குறவன், ஆனா இந்த ஓட்டை அதுல இருக்கு.

போர் நடந்த பகுதிக்குள்ள இருந்த அரசு டாக்டர்கள் விஷயத்தை எடுத்துக்கங்க. குண்டு விழுந்துட்டு இருக்கிற ஆஸ்பத்திரில இருந்து போன்ல எண்ணிக்கை சொன்னாங்க, உலகம் முழுக்கச் செய்தி போச்சு. போர் முடிஞ்சதும் கைது பண்ணினாங்க, 2009 ஜூலைல கொழும்புல பத்திரிகையாளர்கள் முன்னாடி உக்கார வச்சாங்க, புலிகள் அழுத்தத்துல கூட்டிச் சொன்னோம்னு சொன்னாங்க. இப்ப எதை எழுதுறது? 'பின்னர் டாக்டர்கள் மறுத்தனர்'னு மட்டும் எழுதினா அது மூலத்துல இருக்கிறதுதான், ஆனா படிக்கிறவன் ஏமாறுவான். அவங்க அப்ப காவல்ல இருந்தாங்கங்கிறதையும் அதே வாக்கியத்துல எழுதணும். அதுக்கும் மூலம் கொட்டிக் கிடக்கு. கட்டுரையைப் பத்தி விவாதிக்கிற பேச்சுப் பக்கத்துல நான் ரொம்ப நேரம் மல்லுக்கட்டுறது இந்த மாதிரி அரை வாக்கியங்களுக்காகத்தான், தலைப்புல இனப்படுகொலைனு வரணுமா வேணாமாங்கிற பெரிய சண்டைய விட இதுதான் படிக்கிறவங்களுக்கு அதிகம் உதவும்னு நினைக்கிறேன். அந்தச் சண்டைக்கும் வழி இருக்கு, 2022 மே 18 அன்னைக்கு கனடா நாடாளுமன்றம் அந்த நாளைத் தமிழ் இனப்படுகொலை நினைவு நாளா ஏகமனதா ஏத்துக்கிட்டுச்சு, அதை அப்படியே எழுதினா யாராலயும் அசைக்க முடியாது.

இப்ப உங்க திருத்தத்துக்கு வருவோம். முதல்ல ரிவர்ட் பண்றத, அதாவது அடுத்தவர் மாத்துனதை அழிச்சுத் திரும்பப் போடுறத நிறுத்துங்க, ஒரே பக்கத்துல 24 மணி நேரத்துல மூணு தடவைக்கு மேல போனா தடை விழும், நீங்க சொன்னது சரியா தப்பாங்கிறதை அப்ப யாரும் பாக்க மாட்டாங்க. பேச்சுப் பக்கத்துக்குப் போய், 2011ல மன்னார் ஆயர் ஆணைக்குழுகிட்ட இன்ன இன்ன எண்களைக் காட்டி 1,46,679 பேர் கணக்குல வரலைனு சொன்னார், அவங்க கதி என்னனு விளக்கம் கேட்டார்னு எழுதி, அவர் கொடுத்த சமர்ப்பணத்தோட இணைப்பையும் அதைப் பத்தி வந்த பத்திரிகைச் செய்தியையும் சேத்துப் போடுங்க. தமிழ்ப் பத்திரிகையா இருந்தாலும் பரவாயில்ல, ஆங்கிலம் இல்லாத மூலம் செல்லாதுனு ஒரு விதியும் கிடையாது, தேதியும் பக்க எண்ணும் கொடுத்து, யாராவது கேட்டா அந்த வரியை அப்படியே எடுத்துப் போட்டு ஆங்கிலத்துல பொருளும் சொல்லுங்க. ஒரு வாரம் பொறுங்க. யாரும் காரணத்தோட மறுக்கலைனா கட்டுரைல சேருங்க, கட்டுரை ஓரத்துல இருக்கிற தகவல் பெட்டில இறந்தவங்க எண்ணிக்கையாப் போடாதீங்க, காணாமப் போனவங்க பத்தின பகுதில போடுங்க. அதுக்கு மேலயும் காரணம் சொல்லாம தூக்கினா பக்கத்தோட இணைப்பை இங்க கமெண்ட்ல போடுங்க, அந்தப் பேச்சுப் பக்கத்துக்கு வந்து வரலாற்றைப் படிச்சுப் பாத்துட்டு என் கருத்தை எழுதுறேன்.