பனி ஓவியங்களில் நிழலை ஏன் நீலமாகத் தீட்டுகிறார்கள்?

வெயில் நாளில் பனிமேல் விழும் நிழல் கறுப்பாக இல்லாமல் நீலம் கலந்து தெரியும். இதைத்தான் நீல நிழல் என்கிறார்கள்.

பிரெஞ்சு ஓவியர் குளோத் மோனே 1868-69 குளிர்காலத்தில், பிரான்சின் எத்ரெத்தா பகுதியில் வரைந்த ‘மேக்பை’ ஓவியத்தைப் பாருங்கள். ஏணி போன்ற மரப்படலின் மேல்கம்பில் கறுப்பு வெள்ளை மேக்பை பறவை ஒன்று தனியாக உட்கார்ந்திருக்கிறது. வேலியின் நிழல் நீலமாக நம் பக்கம் நீள்கிறது. எவ்வளவு நேரம் பார்த்தாலும் எனக்கு அலுக்காத இடம் அது! 1869இல் பாரிஸ் சலோன் கண்காட்சி இதை ஏற்கவில்லை. இப்போது பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

காரணம் எளிது. நிழல் விழுந்த இடத்துக்குச் சூரிய ஒளி நேராக வராது; நீல வானத்தின் ஒளி மட்டும் வரும். பனி வெள்ளை என்பதால், வந்த நிறத்தை அப்படியே திருப்பிக் காட்டிவிடும். மொட்டைமாடிக் கொடியில் காயும் வெள்ளை வேட்டியின் மடிப்புகளைக் கவனியுங்கள், அங்கேயும் மெல்லிய நீலம் தெரியும்.

இது ஓவியரின் கற்பனை நிறம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, கண்ணால் பார்த்த நிறமேதான். மேகம் மூடிய நாளில் இந்த நீலம் இருக்காது.