நெல்லையிலிருந்து இலங்கைக்கு எந்த மாதம் போகலாம்?

மே லீவில் பிள்ளைகளோடு இலங்கை போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போகலாம், ஆனால் கிழக்குக் கரைக்கு. குற்றாலத்துக்குச் சாரல் கொண்டுவரும் அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான் மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை கொழும்பு, காலி, நுவரெலியாவை நனைக்கும். இலங்கையின் நடுமலைக்கு அந்தப் பக்கம், கிழக்குக் கரையில் இருக்கும் திருகோணமலையில் வெயில் அடிக்கும், கடலும் அலையடங்கிக் கிடக்கும்; பக்கத்து நிலாவெளிக் கடற்கரையில் பிள்ளைகள் ஆசைதீரக் குளிக்கலாம்.

ஐப்பசி, கார்த்திகையில் நம்மூரில் அடைமழை என்றால் திருகோணமலை, மட்டக்களப்பு, யாழ்ப்பாணத்திலும் அதே கதைதான். காலிப் பக்கத்துக் கடற்கரைக்கு டிசம்பர் கடைசி முதல் மார்ச் வரை அருமை. சிவனொளிபாதமலை (ஆதாம் சிகரம்) யாத்திரைக் காலம் டிசம்பர் பௌர்ணமி முதல் மே பௌர்ணமி வரை.

ஏப்ரல் நடுவில் மட்டும் வேண்டாம். புத்தாண்டுக்குக் கடைகள் அடைத்திருக்கும், நுவரெலியாவில் அறை வாடகை எகிறிவிடும்.