முதல் பிரசவம் சிசேரியன். இரண்டாவதை நார்மலாக முயற்சி செய்யலாமா, இல்லை மறுபடியும் சிசேரியனே நல்லதா?

எத்தனையாவது மாதம் என்று நீங்கள் சொல்லவில்லை. ஐந்தோ ஆறோ இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். அதற்கு மேலே போயிருந்தால் உங்கள் வீட்டில் ஆளாளுக்கு முடிவெடுத்து, உங்களிடம் தகவல் மட்டும் சொல்லியிருப்பார்கள்.

நான் டாக்டர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நார்மலுக்கு முயற்சி செய்து கடைசியில் சிசேரியனில் முடிந்தவள். "நீயே தோத்துட்டு எங்களுக்கு என்ன புத்தி சொல்றே" என்று ஒரு கூட்டமும், "இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தா நார்மல் ஆயிருக்கும்" என்று இன்னொரு கூட்டமும் கீழே வரும். வரட்டும், பழகிவிட்டது.

எனக்குக் கோபிசெட்டிபாளையம் பக்கம். மூத்தவன் கடைசி வரை தலை திரும்பவே இல்லை, புட்டம்தான் கீழே இருந்தது. அதனால் சிசேரியன். இரண்டாவது உண்டானபோது அவனுக்கு மூன்று வயது நெருங்கியிருந்தது. அதே டாக்டரம்மாவிடம் போய், இந்தத் தடவை நார்மல் பார்க்கலாமா என்று கேட்டேன். அவர் மழுப்பவில்லை. "உன் உடம்புக்குத் தாராளமாப் பாக்கலாம்மா. என் ஆஸ்பத்திரிக்குத்தான் முடியாது. அனஸ்தீசியா டாக்டர் ஈரோட்டிலிருந்து வரணும். நடுராத்திரி உள்தையல் விட்டுச்சுன்னா அவர் வர்ற வரைக்கும் நான் கையைப் பிசைஞ்சுட்டுத்தான் நிக்கணும்" என்றார்.

டாக்டர்கள் என்னிடம் பேசியதிலேயே உருப்படியான பேச்சு அதுதான். நம் ஊரில் இதை ஏதோ பெண்ணின் தைரியத்துக்கு வைக்கும் பரீட்சை போலப் பேசுகிறார்கள். வலி தாங்குவாளா, மாட்டாளா என்பதே பேச்சு. முதலில் பார்க்க வேண்டியது ஆஸ்பத்திரியை. ராத்திரியில் அனஸ்தீசியா டாக்டர் உள்ளேயே இருப்பாரா, ஆபரேஷன் தியேட்டர் அந்நேரத்துக்குத் தயாராக இருக்குமா, ரத்தம் கையிருப்பில் இருக்குமா, குழந்தை டாக்டர் உண்டா? இதற்கெல்லாம் ஆமாம் என்று பதில் வந்தால்தான் மேற்கொண்டு பேச வேண்டும். இல்லையென்றால் தேதி வைத்துச் சிசேரியன் செய்துகொள்வதே புத்திசாலித்தனம். அதில் கேவலம் எதுவும் இல்லை.

அந்த டாக்டரம்மாவே கடிதம் கொடுத்துக் கோவைக்கு அனுப்பினார். அங்கே இருந்த டாக்டருக்கு என் வயிற்றுத் தழும்பைக் காட்டினேன். அவர் அதைச் சட்டையே செய்யவில்லை. "இது தோல்ல போட்டது. உள்ளே கர்ப்பப்பையில எப்படி வெட்டினாங்கன்னு பழைய டிஸ்சார்ஜ் சம்மரிதான் சொல்லும், எடுத்துட்டு வாங்க" என்றார். அது மூத்தவனின் தடுப்பூசி அட்டையோடு ஒரு பிளாஸ்டிக் கவரில், பீரோவுக்கு மேலே கிடந்தது. கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டியிருந்தால் முயற்சி செய்யலாம். மேலே நெட்டுவாக்கில் வெட்டியிருந்தால் வலி எடுக்கும்போது பிரிந்துபோகும் ஆபத்து பல மடங்கு, அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. 1916இல் அமெரிக்காவில் கிராகின் என்ற டாக்டர் "ஒருமுறை சிசேரியன் என்றால் எப்போதும் சிசேரியன்" என்று எழுதினார். அது அந்த நெட்டு வெட்டுக் காலம். வெட்டு மாறிப் பல தலைமுறை ஆகிவிட்டது, நம் சொந்தக்காரர்கள் வாயில் அந்த வாக்கியம் மட்டும் அப்படியே இருக்கிறது.

கணக்கு கேட்பீர்கள். பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர் ராயல் காலேஜ் வழிகாட்டியில், ஒரு சிசேரியனுக்குப் பின் முயற்சி செய்பவர்களில் 100க்கு 72 முதல் 75 பேருக்கு நார்மல் ஆகிறது என்று இருக்கிறது. முன்பே ஒரு நார்மல் பிரசவம் ஆனவர்கள் என்றால் 85 முதல் 90. கர்ப்பப்பையில் இருக்கும் அந்தப் பழைய தழும்பு பிரிவது ஏறக்குறைய 200இல் ஒருவருக்கு. கேட்க ரொம்பக் குறைவு. ஆனால் அந்த ஒருவருக்கு அது நிமிஷக் கணக்கில் தாய்க்கும் பிள்ளைக்கும் உயிர்ப் பிரச்சினை. முதல் சிசேரியனுக்கான காரணமும் முக்கியம். எனக்குப் போல புட்டம் கீழே இருந்து செய்தது என்றால் அது மறுபடி வந்தே தீரும் என்றில்லை. கர்ப்பப்பை வாய் திறந்தும் பிள்ளை இறங்காமல் செய்தது என்றால் வாய்ப்பு கொஞ்சம் குறையும். இரண்டு பிரசவத்துக்கும் நடுவே ஒன்றரை வருஷமாவது இருப்பது நல்லது.

கோவை டாக்டர் ஒரு நிபந்தனையும் போட்டார். வலி தானாக வர வேண்டும், மருந்து வைத்து வரவைக்க மாட்டேன், அப்படிச் செய்தால் தழும்பு பிரியும் ஆபத்து இரண்டு மூன்று மடங்கு ஏறும் என்றார். குறித்த தேதி தாண்டியும் வரவில்லையென்றால் சிசேரியன். சரி என்றேன்.

தேதிக்கு முன்பே ஒரு சாயங்காலம் வலி வந்துவிட்டது. வயிற்றைச் சுற்றி பெல்ட் கட்டி, குழந்தையின் இதயத் துடிப்பை எடுக்கும் மெஷினை மாட்டினார்கள். அதைக் கழற்றவே இல்லை. பேப்பர் ஓடிக்கொண்டே இருந்தது, நர்ஸ் அதை மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தார். நடுராத்திரிக்கு மேல் பாதிக்கு மேலே வாய் திறந்திருந்தது, எல்லோருக்கும் சந்தோஷம். அப்புறம் ஒரு விஷயம் கவனித்தேன். வலி விட்ட நேரத்திலும் பழைய தழும்புக்கு நேரே சுரீர் சுரீர் என்றது. நர்ஸிடம் சொன்னேன். அவர் கை வைத்துப் பார்த்தார், பேப்பரைப் பார்த்தார், 140இல் இருந்த துடிப்பு 90க்கு இறங்கியிருந்தது. ஒன்றும் பேசாமல் போனை எடுத்தார். கட்டிலோடு தள்ளிக்கொண்டு போனார்கள். தியேட்டர் அதே மாடி. கால் மணி நேரத்தில் மகள் அழுத சத்தம் கேட்டது. தழும்பு மெலிந்து பிரிய ஆரம்பித்திருந்தது என்று மறுநாள் டாக்டர் சொன்னார்.

இதை இவ்வளவு விவரமாக எழுதக் காரணம், வலி விட்ட பிறகும் விடாத வலியை யாரும் உங்களிடம் சொல்லித் தர மாட்டார்கள். வந்தால் வெட்கப்படாமல் சத்தம் போட்டுச் சொல்லுங்கள்.

பார்க்க வந்த மாமியார், "வலியும் பட்டாச்சு, வயித்தையும் கிழிச்சாச்சு, எதுக்கு கண்ணு இந்த வேலை?" என்றார். அத்தை அன்பாகத்தான் கேட்டார். கேள்வியிலும் நியாயம் உண்டு. முயற்சி செய்து தவறி அவசரமாகச் செய்யும் சிசேரியனில், நாள் குறித்துச் செய்வதைவிட ரத்தப்போக்கும் சீழ் பிடிப்பதும் அதிகம். எனக்கே ஆற ரொம்ப நாள் பிடித்தது. இருந்தும் இன்றைக்குக் கேட்டாலும் அதே முடிவுதான் எடுப்பேன், அதே ஆஸ்பத்திரியில். நான்கில் மூன்று வாய்ப்பை நம்பி இறங்கினேன், நான்காவது வந்தால் என்ன செய்வது என்பதையும் ஏற்பாடு செய்துவிட்டுத்தான் இறங்கினேன்.

மூன்றாவது பிள்ளை ஆசை இருந்தால் இதையும் யோசியுங்கள். ஒவ்வொரு சிசேரியனும் அடுத்த கர்ப்பத்தைச் சிக்கலாக்கும். நஞ்சுக்கொடி கர்ப்பப்பையில் கீழே இறங்கி இருந்தால், அது தழும்பில் வேர்விட்டு ஒட்டிக்கொள்ளும் ஆபத்து ஒரு சிசேரியன் ஆனவர்களுக்கு 100க்கு 11, இரண்டு ஆனவர்களுக்கு 40 என்று 2006இல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று சொல்கிறது.

நீங்கள் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன், மனது ஆறவில்லை. நான் தியேட்டரில் கிடந்தபோது ஒருவர் வெளியே வந்து என் வீட்டுக்காரரிடம், "ரெண்டு குழந்தை ஆச்சே, சேர்த்தே குடும்பக் கட்டுப்பாடு பண்ணிடலாமா, கையெழுத்துப் போடுங்க" என்று கேட்டிருக்கிறார். வயிறு என்னுடையது, முதுகில் ஊசி போட்டு முழிப்போடுதான் இருந்தேன், கேள்வி மட்டும் அவருக்கு! இந்த ஆபரேஷனுக்குக் கணவன் சம்மதம் தேவையில்லை, செய்துகொள்பவரின் சம்மதம்தான் வேண்டும் என்பது அரசு விதி. "அவளைக் கேளுங்க" என்று வீட்டுக்காரர் சொன்னதால் பிழைத்தார். வேண்டுமா வேண்டாமா என்பதை எட்டாம் மாதமே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

வலிக்குப் பயந்து சிசேரியன் செய்துகொள்கிறாள் என்று யாராவது சொன்னால், 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன் என்று சொல்லுங்கள். அத்தனை பேருமா பயந்தாங்கொள்ளிகள்?

பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை இந்த வாரமே தேடி எடுங்கள். இல்லையென்றால் அந்த ஆஸ்பத்திரியில் நகல் கேளுங்கள். இப்போது காட்டும் இடத்தில் ராத்திரி வசதி இல்லையென்றால் ஏழாம் மாதத்துக்குள் மாறிவிடுங்கள், நிறைமாதத்தில் பழைய தழும்போடு புதிதாக வருபவரைச் சேர்த்துக்கொள்ளப் பல இடங்களில் யோசிப்பார்கள்.