கால்பந்து கேம் கம்பெனியில் வேலை: எந்த டிப்ளோமா?

வணக்கம் அம்மா,

ஓ லெவல் முடித்த மகன் கால்பந்து கேம் கம்பெனியில்தான் வேலை என்று ஒற்றைக்காலில் நிற்கிறான், பாலிடெக்னிக்கில் எதற்கு விண்ணப்பிப்பது என்று கேட்டிருந்தீர்கள். முதலில் தம்பியிடம் ஒன்று கேளுங்கள்: இஏ (எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ்) நிறுவனத்தின் ஃபிஃபா 20 கேமில் இத்தாலியின் யுவென்டஸ் அணி ஏன் ‘பியமோன்தே கால்ச்சோ’ என்ற பெயரில் வந்தது?

அந்த அணியின் பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்தும் தனி உரிமையைப் இஏவுக்குப் போட்டியான கேம் நிறுவனம் கோனாமி வாங்கியிருந்தது. அதனால்தான். கேமை உருவாக்குவது ஒரு தொழில், வெளியிடுவது வேறு தொழில். வெளியீட்டில் உரிம ஒப்பந்தம்தான் உயிர்நாடி. லீக், கிளப், வீரர்களின் பெயர் எல்லாவற்றுக்கும் தனித்தனியாகப் பேரம் பேச வேண்டும். 1993 முதல் உலகக் கால்பந்துச் சம்மேளனமான ஃபிஃபாவின் பெயரில் விற்ற இஏ, அந்த உறவை முறித்துக்கொண்டு 2023இல் ‘இஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி 24’ என்று வெளியிட்டது. பெயர் போனாலும் பிரீமியர் லீக் உள்ளிட்ட உரிமங்கள் கையில் இருந்ததால் கேம் பிழைத்துக்கொண்டது.

பணம் வரும் வழியும் மாறிவிட்டது. இஏவின் வருமானத்தில் பெரும்பங்கு, கேமை விற்ற பிறகு உள்ளே நடக்கும் வியாபாரத்திலிருந்து வருகிறது. உள்ளே எந்த வீரர் இருப்பார் என்று தெரியாமலே வாங்கும் ‘அல்டிமேட் டீம்’ கார்டு பாக்கெட்டுகள் அதில் முக்கியம். (உங்கள் கிரெடிட் கார்டு பில்லையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.) பெல்ஜியத்தில் இது சூதாட்டம் என்று 2018இல் முடிவானது, அடுத்த ஆண்டே அந்தப் பாக்கெட்டுகளை வாங்கப் பயன்படும் புள்ளிகளை விற்பதை இஏ அங்கே நிறுத்தியது. அதனால் கோடிங் தெரிந்தவர்களோடு சட்டம், தரவுப் பகுப்பாய்வு, கட்டணமுறை, மார்க்கெட்டிங் தெரிந்தவர்களும் தேவைப்படுகிறார்கள்.

சிங்கப்பூரில் கரீனா என்ற கேம் வெளியீட்டு நிறுவனத்தைப் பாருங்கள். ஃபிஃபா ஆன்லைன் 3 கேமைத் தென்கிழக்காசியாவில் நடத்தியது அவர்கள்தான். உருவாக்கியவர்கள் வேறு. உள்ளூர் மொழி, பணம் கட்டும் வழி, போட்டிகள் எல்லாம் கரீனாவின் பொறுப்பு. தம்பி மூன்றாம் மொழியாக மலாய் படித்திருந்தால் இந்த மாதிரி வேலையில் அது கைகொடுக்கும்.

கோடிங்கில் உண்மையான ஆர்வம் இருந்தால் நன்யாங் பாலிடெக்னிக்கில் கேம் டிப்ளோமா இருக்கிறது. பட்டப்படிப்புக்கு, கேம் உருவாக்கம் கற்றுத்தரும் டிஜிபென் கல்லூரி இருக்கிறது. ஆனாலும் என் ஓட்டு பொதுவான ஐடி டிப்ளோமாவுக்குத்தான். 2024 பிப்ரவரியில் இஏவே சுமார் 5 விழுக்காட்டு ஊழியர்களைக் குறைப்பதாக அறிவித்தது. அப்படி ஒரு நாள் வந்தால், வங்கியிலோ தளவாடத் துறையிலோ போய் உட்கார முடிகிற படிப்பு கையில் இருக்க வேண்டும். கோடிங்கைவிட வீரர்களின் அணி மாற்றப் பேரமும் புள்ளிவிவரமும்தான் பிடிக்கும் என்றால் பிசினஸ் டிப்ளோமா எடுக்கட்டும், பிறகு சட்டம் படிக்கலாம்.

ஓபன் ஹவுஸில் கட்டடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். போன ஆண்டு மாணவர்கள் எங்கே இன்டர்ன்ஷிப் செய்தார்கள் என்று விரிவுரையாளரிடம் கேளுங்கள். கேள்வியைத் தம்பியே கேட்கட்டும், நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும்.